பதினொரு முறை வந்தவருக்கு ஒரு பொன்னாடை

குடிக்கிறவர்களுக்குக் குடி, சீட்டு விளையாடுகிறவர்களுக்குச் சீட்டு. எனக்கு மைக். இதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. தாராவியில் எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவில் பத்தொன்பது வயதிலிருந்து நான்தான் அறிவிப்பாளர். காணாமல் போன குழந்தை, தண்ணீர் வருகிற நேரம், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவரின் பெயர், சப்பரம் எந்தச் சந்தில் திரும்புகிறது என்ற விவரம், எல்லாம் என் வாய் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். ஒருவரின் பெயரைச் சொல்லி, சொந்த ஊரைச் சொல்லி, "அன்னாரை மேடைக்கு அழைக்கிறோம்" என்று இழுத்து முடிக்கும்போது உடம்பெல்லாம் ஒரு சுகம் ஓடும். (ஒரு தடவை, செருப்பைத் தொலைத்தவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதையே ஏழு நிமிடம் பேசினேன். தொலைத்தவர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போய்விட்டார்.)

இந்த வியாதிக்கு ஒரு நல்ல மனிதரைக் காவு கொடுத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிக்கிற இடம் வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு, செம்பூரிலிருந்து கோவண்டி போகிற வழியில், மருந்துப் பெட்டிகளைச் சேர்த்துவைத்து ஊர் ஊராக அனுப்புகிற ஒரு கோடவுனில் எனக்கு எச்.ஆர். உத்தியோகம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எச்.ஆர். என்பது மைதிலி மேடம். நான் அவர் சொல்வதை ஓடி ஓடிச் செய்கிற அசிஸ்டென்ட். மேடம் மாதுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம். தமிழில் திட்ட ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார். திட்டு எந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகிறது என்பதை வைத்துத்தான் அன்றைய நிலவரத்தை நான் கணிப்பேன்.

அந்த வருடம் கம்பெனிக்குத் தொழிலாளர்களின் மனநலத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அதே மாதத்தில்தான் சாப்பாட்டு நேரத்தை முக்கால் மணியிலிருந்து அரை மணியாகக் குறைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் யாரும் கை வைக்கவில்லை. அதை ஈடுகட்டுவது போல மனநலம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு ரப்பர் பந்து வந்தது, கோபம் வந்தால் பிசைந்துகொள்வதற்கு. போனில் போட்டுக்கொள்ள ஒரு ஆப் வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அருவிச் சத்தத்துக்கு நடுவே மூச்சை இழுக்கச் சொல்வாள். (இழுக்கலாம். எங்கள் கோடவுனுக்குப் பின்னால் நாலா என்கிற சாக்கடை ஓடுகிறது.) புதன்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். கேன்டீன் சுவரில் ஒரு பெரிய படம். கடற்கரையில் ஒரு பெண் கண்ணை மூடிச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் கடற்கரையில் அப்படிக் கண்ணை மூடி நின்றால் கண்ணைத் திறக்கும்போது பை இருக்காது.

இவற்றோடு உருப்படியாக ஒன்றும் வந்தது. புதன்கிழமைகளில் ஒரு கவுன்சிலர் நேரில் வருவார், யார் வேண்டுமானாலும் போய்த் தனியாகப் பேசலாம், பேசியது வெளியே வராது என்றார்கள். வந்தவர் செம்பூரைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். அவருக்காக உடைந்த மரப்பலகைகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தோம். உள்ளே இரண்டு நாற்காலிகள், ஒரு ஃபேன், டெல்லி ஆபீஸ் அனுப்பிய ஒரு பஞ்சுப்பை இருக்கை. அந்தப் பையில் உட்கார்ந்தவரை எழுப்ப இன்னொருவர் வர வேண்டும்.

அறையின் கதவு கேன்டீனைப் பார்த்துத் திறக்கும். இதை யாரும் யோசிக்கவில்லை. உள்ளே போகிறவனை இருநூறு பேர் சோறு தின்றுகொண்டே பார்ப்பார்கள். முதல் மாதம் நான்கு பேர் போனார்கள். அதில் ஒருவன் கழிப்பறை என்று நினைத்துப் போனவன்.

"முத்து, நாலே பேர்னு ரிப்போர்ட் சொல்றது," என்றார் மேடம். "டைரக்டர் என்னைக் கேக்கறார். யூட்டிலைசேஷன் இல்லேன்னா அடுத்த வருஷம் பட்ஜெட் கிடையாது. ஜனங்களைக் கொண்டுவரது உன் வேலை. டூ சம்திங்."

ஆங்கிலம் வந்துவிட்டதால் நான் இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, கொடைக்கு ஆள் சேர்க்கிற வழி. ஒவ்வொரு பிரிவாகப் போய் நின்று, தோளில் கை போட்டு, "ஒரு பத்து நிமிஷம் போய் உட்கார்ந்துட்டு வாப்பா, ரெண்டு வாழைப்பழம் தாரேன்" என்று கெஞ்சினேன். வந்தார்கள். பாதிப் பேர் பஞ்சுப்பையில் தூங்கினார்கள். பேக்கிங் பிரிவில் ராம்சிங் என்ற பையன் வாரம் தவறாமல் வந்து தூங்கினான். ஒருவன் கவுன்சிலரிடம் லீவு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். நான் வந்தவர்களின் பெயர்களை ஒரு டைரியில் எழுதி, எத்தனை தடவை என்று பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன்.

கவுன்சிலர் அந்த டைரியை ஒரு நாள் பார்த்துவிட்டார். "சார், பேரெல்லாம் எழுதாதீங்க. எண்ணிக்கை மட்டும் போதும். அதையும் நானே அனுப்பிடறேன்," என்றார்.

"சும்மா எனக்குன்னு வெச்சிருக்கேன் மேடம்," என்றேன். அப்போது அது உண்மைதான்.

சுடலைமணி அண்ணாச்சி வந்தது மூன்றாவது மாதம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவர் வீடு. கோடவுனில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெட்டிகளை அடுக்கிய பலகைக்கு அடியில் இரண்டு இரும்புக் கைகளைக் கொடுத்துத் தூக்கி, மூன்றாள் உயரத்தில் கொண்டுபோய் வைக்கிற வண்டி அது. பதினாறு வருடம் முதுகில் லோடு தூக்கிவிட்டு அந்த சீட்டில் ஏறியவர். தன் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் தான்தான் என்று சிரிப்பார். காலையில் வந்ததும் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ரூமு நம்மள மாதிரி ஆளுக்கும் உண்டுமா?"

"எல்லாருக்கும் உண்டு அண்ணாச்சி. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் வரமாட்டேங்கு. காலைல வண்டிச் சாவியத் திருப்பயில கை லேசா ஆடுது. ஆடுத அன்னைக்கு நான் வண்டிய எடுக்கதில்ல, பேட்டரி எறங்கிட்டுன்னு சொல்லி ஓரங்கட்டிருதேன். எத்தன நாளைக்கு அப்பிடிச் சொல்ல முடியும், சொல்லுங்க?"

"ரூமுக்குப் போயிட்டு வாங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்."

"வெளிய தெரிஞ்சா என்னைய எறக்கிருவானுவ தம்பி. அந்த சீட்ட விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது. இனிமே லோடு தூக்க இடுப்பும் கெடையாது. வீட்லகூட நான் சொல்லல."

"யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

ஏன் தூக்கம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் டைரிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட அவசரம்தான்.

ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு பழைய கதவு இருந்தது. வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடுகிற இடம் அதற்கு நேர் பின்னால். புதன்கிழமை இரண்டு மணிக்கு அண்ணாச்சி வண்டியை சார்ஜில் போடுவார். சார்ஜ் ஏறும்வரை அவருக்கு வேலை கிடையாது, அவர் எங்கே என்று யாரும் தேடவும் மாட்டார்கள். பின்கதவுச் சாவியை அவரிடம் கொடுத்தேன். என்னைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாமல் ஒரு மனிதர் போய் வந்தார். நான் வாழ்க்கையில் உருப்படியாக யோசித்த ஒரே ஏற்பாடு அது. அதை நானே பிறகு கெடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து, தேநீர் இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. "இப்ப நல்லாத் தூங்குதேன் தம்பி. கை ஆடி ரெண்டு மாசம் ஆச்சு. அந்தப் புள்ள நல்ல புள்ள. சும்மா பேசிக்கிட்டுதான் இருக்கோம், ஆனா என்னமோ எறங்குன மாதிரி இருக்கு. ஒங்களத்தான் நெனைச்சிக்கிடுதேன்." என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கியது. அந்த நிமிடமே ஊருக்குச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து டைரக்டர் வந்தார். கோடவுனின் லோடிங் மேடையில் துணி கட்டி, நாற்காலி போட்டு, நலவாழ்வு தினம் என்று ஒரு விழா. மேடம் என்னைக் கூப்பிட்டு, "டிபார்ட்மென்ட் வைஸா ஒரு ரெகக்னிஷன் வெச்சுடு. பார்ட்டிசிபேஷனுக்கு தேங்க்ஸ் சொல்ற மாதிரி. சிம்பிளா இருக்கட்டும்," என்றார்.

அவர் மனதில் இருந்தது ஒரு சர்டிபிகேட்டும் ஒரு கைத்தட்டலும். நான் தாராவிக்காரன். எங்களுக்கு மரியாதை என்றால் பொன்னாடை. ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தவருக்குப் பொன்னாடை, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பியவருக்குப் பொன்னாடை, பொன்னாடை வாங்கி வந்தவருக்கும் ஒரு பொன்னாடை. மாதுங்கா மார்க்கெட்டில் போய் பச்சையில் ஜரிகைக் கரை போட்டதாக மூன்று வாங்கினேன். பேக்கிங், ஆபீஸ், கோடவுன் என்று மூன்று பிரிவுகள். வாங்கி வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. டிபார்ட்மென்டுக்குத் தோள் கிடையாது. யார் தோளிலாவதுதான் போர்த்த வேண்டும். டைரியைத் திறந்தேன். ஒவ்வொரு பிரிவிலும் யார் பெயருக்குப் பக்கத்தில் அதிகக் கோடு என்று பார்த்தேன்.

கோடவுன் பிரிவில் சுடலைமணி அண்ணாச்சி, பதினொரு கோடு. இரண்டாவது ஆளுக்கு மூன்றுதான்.

மறந்துபோனேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. "நான் பொறுப்பு" என்று சொன்னது, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அவர்தான் குணமாகிவிட்டாரே, இனி என்ன பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோய் இருந்தால்தானே மறைக்க வேண்டும், ஜெயித்தவரை மேடையில் ஏற்றினால் நாலு பேருக்குத் தைரியம் வரும், அண்ணாச்சிக்கும் பெருமை. மூன்று மொழி தெரிந்த முட்டாளுக்கு நியாயம் கிடைக்காமலா போகும்? மூன்று மொழியிலும் கிடைத்தது.

மைக் செட் எங்கள் தெருப் பையன்களுடையது. நல்ல செட். சும்மா ஹலோ சொன்னாலே நெஞ்சில் இடிக்கும்.

முதல் பொன்னாடை ராம்சிங்குக்கு. எதற்கு என்று தெரியாமலேயே ஓடி வந்து, போர்த்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். விசில் பறந்தது. அந்த விசிலில் எனக்கு நிலைகொள்ளவில்லை.

இரண்டாவது ஆபீஸ் பிரிவுக்கு. டைரியில் ஆபீஸிலிருந்து நான்கு தடவை போன ஒரே ஆள் மைதிலி மேடம். அவரைக் குளிர வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். "நான்கு முறை ஆலோசனை பெற்று, நமக்கெல்லாம் வழிகாட்டிய" என்று ஹிந்தியில் ஆரம்பித்தபோது அவர் முகம் வெளுத்தது. ஆனால் அவர் மேடம். எழுந்து வந்து, மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "ஐ வாஸ் இன்ஸ்பெக்டிங் தி ஃபெசிலிட்டி, ஆஃப் கோர்ஸ்," என்று சிரித்தார். டைரக்டரும் சிரித்தார். கைத்தட்டல். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மைக் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டதால் உறைக்கவில்லை.

"அடுத்ததாக, கோடவுன் பிரிவில், ஆலோசனை அறைக்குப் பதினொரு முறை வருகை தந்து முதலிடம் பிடித்து, தூக்கமின்மையையும் கை நடுக்கத்தையும் வென்று காட்டிய, திருநெல்வேலிச் சீமையின் மைந்தர், நம் அனைவரின் அன்புக்குரிய சுடலைமணி அண்ணாச்சி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

இதைத் தமிழில் ஒரு தடவை, டைரக்டருக்காக ஹிந்தியில் ஒரு தடவை. கை நடுக்கம் என்பதை இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அண்ணாச்சி கூட்டத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டில் உட்கார்ந்தபடியே விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரைக் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்தார், வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்பது போல. பிறகு மெதுவாக இறங்கினார். அந்த சீட்டிலிருந்து அவர் இறங்கியது அதுதான் கடைசி.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். லோடர் பையன்கள் சிலர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நெற்றிப்பொட்டில் விரலை வைத்து ஒருவன் திருகிக் காட்டினான். நான் பொன்னாடையைப் போர்த்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். கொடை மேடையில் பொன்னாடை வாங்கியவர் நாலு வார்த்தை பேசாமல் இறங்கக் கூடாது.

"நாலு வார்த்தை பேசுங்க அண்ணாச்சி," என்று மைக்கை அவர் கையில் திணித்தேன்.

அவர் வலது கையில் ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருப்பார். மைக்கைப் பிடித்தார். கை ஆட ஆரம்பித்தது. மூன்று மாதமாக ஆடாத கை. மோதிரம் மைக்கில் பட்டு டக டக டக என்று நான்கு பெரிய ஸ்பீக்கரிலும் கேட்டது. நல்ல செட் என்று சொன்னேன் அல்லவா. முந்நூறு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்," என்றார். மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். டைரக்டர் பக்கத்தில் இருந்த சேஃப்டி ஆபீசரிடம் குனிந்து ஏதோ கேட்டார். சேஃப்டி ஆபீசர் வண்டி நின்ற பக்கத்தைக் கை காட்டினார்.

விழா முடிந்து நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். பொன்னாடையைக் கடையில் இருந்தது போலவே மடித்து வைத்திருந்தார். "இத வெச்சிக்கிடுங்க தம்பி," என்று மேஜையில் வைத்தார். அதற்கு மேலே பின்கதவுச் சாவியை வைத்தார்.

"அண்ணாச்சி, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் தம்பி," என்றார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. பாதுகாப்பு கருதி சுடலைமணி வண்டியிலிருந்து மாற்றப்படுகிறார். இனி வாசலில் நின்று உள்ளே வருகிற லாரிகளின் நம்பரைக் குறிக்க வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது. கையெழுத்து மைதிலி மேடம்.

நான் மேடத்தின் அறைக்குப் போனேன். "மேடம், அவருக்குச் சரியாயிட்டுது. கவுன்சிலரைக் கேளுங்க. நடுங்கின நாளில் அவர் வண்டியையே தொட்டதில்லை."

"மைக்ல எல்லாரும் கேட்டாளே முத்து. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இட்ஸ் எ சேஃப்டி மேட்டர்." பிறகு ஃபைலைப் பார்த்தபடியே, குரலை இறக்கி, "நான் நிஜமாவே இன்ஸ்பெக்ஷனுக்குத்தான் போனேன். தெரியுமோல்லியோ?" என்றார்.

"தெரியும் மேடம்," என்றேன்.

ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே பச்சைப் பொன்னாடை. நான்கு தடவை போன மேடத்தின் சீட் அப்படியே இருக்கிறது, பதினொரு தடவை போனவரின் சீட் மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் நிற்காமல் கொட்டுகிற எனக்கு, ஒரு மேஜைக்கு முன்னால் ஒரு வாக்கியம் வரவில்லை. மைக் இல்லாத இடத்தில் நான் எவ்வளவு கோழை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை கவுன்சிலர் வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. இரண்டு மணிவரை அறையில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் சார், பேரு எழுதாதீங்கன்னு."

"தப்பாப் போச்சு மேடம்."

"முதல் மூணு வாரம் அவர் ஒரு வார்த்தை பேசல, தெரியுமா? ஃபேனைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். நாலாவது வாரம்தான் வாயைத் திறந்தார். இனிமே திறக்க மாட்டார். என்கிட்ட மட்டும் இல்ல, யார்கிட்டயும்."

அதற்குப் பிறகு அந்த அறைக்கு யாரும் வரவில்லை. வாழைப்பழத்தை நான்காக உயர்த்தினாலும் வந்திருக்க மாட்டார்கள். ராம்சிங்கூட வேறு இடம் பார்த்துத் தூங்கினான். மூன்று மாதத்தில் கவுன்சிலரை நிறுத்திவிட்டு, அறையில் மறுபடியும் உடைந்த பலகைகளைப் போட்டார்கள். எனக்கு டெல்லியிலிருந்து 'நலவாழ்வு சாம்பியன்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட் வந்தது. அடுத்த வருடம் கம்பெனி அச்சடித்த பளபளப்பான புத்தகத்தின் அட்டையில் அண்ணாச்சியின் படம் இருந்தது. பச்சைப் பொன்னாடையோடு, கையில் மைக்கோடு, தலை குனிந்து. கீழே ஆங்கிலத்தில், எங்கள் ஊழியர்கள் எங்கள் குடும்பம் என்று போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். (எதைத்தான் தாங்கவில்லை? தோல் அப்படி.) தாங்க முடியாதது ஆர்டர் வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அண்ணாச்சியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். விழாவை யாரோ போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அது அவர் கைக்கும் வந்திருந்தது. என் மனைவி பேச்சியம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் சண்டை போடவில்லை.

"தம்பி, ஒங்க அண்ணாச்சி எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. கேட்டா எந்திரிச்சி வெளிய போயிருதாவ. அவியளுக்கு என்ன வெசனம்னு நீங்களாவது சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சா பாத்துக்கிடுவேம்லா."

"எனக்குத் தெரியாது மதினி," என்றேன்.

அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு நம்பினார். அதுதான் மோசம்.

"பதினோரு தடவன்னு எண்ணுனியல்லா," என்றார். "ஒரு தடவ என்னன்னு கேக்கத் தோணலியா?"

காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணாச்சி அந்த வாசலில் ஒரு வருடம் நின்றார். பிறகு கணக்கை முடித்துக்கொண்டு அம்பர்நாத்தில் தம்பி வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். கொடைக்கு வருவார். என்னைப் பார்த்தால், "நல்லா இருக்கியளா தம்பி" என்று கேட்பார். நானும் "நல்லா இருக்கேன் அண்ணாச்சி" என்பேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை வேறு எங்கும் கிடைத்ததா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மைக்கை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். விடவில்லை. கொடையில் இப்போதும் நான்தான். ஆனால் வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாருக்காவது மறைக்க ஏதாவது இருந்தால், "அப்பா காதுல போடாத, மைக் போட்டுருவாரு" என்பார்கள். என் மச்சினன் வேலையை விட்டபோது குடும்பத்தில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். என் தங்கை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் போன் செய்தாள். "ஒனக்குச் சொன்னா பொன்னாடையோட ஆஸ்பத்திரிக்கு வந்துருவேன்னு பயந்துட்டோம்ணே," என்றாள். போனில் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன்.

என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. போன மாதம் இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எங்கள் வீட்டில் குளியலறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தகரம்தான் இருக்கிறது, கேட்டது. பேச்சியம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "என்னம்மா ஆச்சு ஒனக்கு? அப்பாகிட்ட சொல்லு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஒங்ககிட்ட சொன்னா நாளைக்குக் கொடையில அறிவிச்சிருவீங்க," என்றாள். மகள் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். அதனால் நானும் மைக் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு "அன்னாரை மேடைக்கு அழைக்கிறோம்" என்று சொல்லிக் காட்டினேன். இன்னும் சிரித்தாள்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அவளுக்கு என்ன கஷ்டம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.